வேப்பங்கொட்டையும் அசற்றோனும்: மருந்தைச் சோதித்துப் பார்க்கும் முறை



இடம்பெயர்ந்து வந்து, குத்தகைக்கு எடுத்த துண்டுக் காணியில் கத்தரியும் பயிற்றையும் வைத்திருக்கும் குடும்பத்திற்கு ஒரு போத்தல் பூச்சி மருந்தின் விலை சிறிய காரியமல்ல. கடனுக்கு வாங்கிய மருந்து வேலை செய்யாவிட்டால் பயிரும் போய்விடும், கடனும் நின்றுவிடும். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தினதும் பூச்சி மருந்தினதும் இறக்குமதி சில மாதங்கள் தடை செய்யப்பட்டிருந்தது. அப்போது எது உண்மையில் பலன் தரும் என்று அறியாமல் பல விவசாயிகள் திண்டாடினார்கள். ஆய்வுகூடத்தில் இதை அறிவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. அதை இப்பாடத்தில் கற்போம்.

கரைப்பான் என்றால் என்ன?

சீனியும் உப்பும் நீரில் கரைகின்றன. மருதமுனை நெசவாளர்கள் சாயத்தை நீரில் கரைத்தே நூலுக்கு ஏற்றுகிறார்கள். ஆனால் கையில் பட்ட எண்ணெய்ப் பெயின்ற் நீரில் போகாது, அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். இவ்வாறு வேறொரு பொருளைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் திரவத்தையே கரைப்பான் என்கிறோம்.

இரசாயன ஆய்வில் அதிகம் பயன்படும் கரைப்பான்களுள் ஒன்று அசற்றோன். கியூட்டெக்ஸ் அழிக்கும் திரவத்தில் மூக்கைத் துளைக்கும் மணம் பெரும்பாலும் இதனுடையதே. இதன் மூலக்கூறில் மூன்று காபன், ஆறு ஐதரசன், ஓர் ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. இதற்கு இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, இது நீருடனும் முழுமையாகக் கலக்கும். எண்ணெய், பிசின் போன்ற பலவற்றையும் கரைக்கும். மற்றது, 56 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். ஆகவே விரைவில் ஆவியாகி, தான் கரைத்து வைத்திருந்த பொருளை மட்டும் விட்டுச்செல்லும்.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் வைஸ்மன் என்ற இரசாயனவியலாளர் சோளத்தைப் பற்றீரியாவினால் நொதிக்கச் செய்து அசற்றோன் எடுத்தார். இன்று இது பெரும்பாலும் பெற்றோலியப் பொருட்களிலிருந்தே தயாரிக்கப்படுகிறது.

வேம்பில் நடந்த ஆய்வு

வேம்பின் கசப்பில் என்ன இருக்கிறது? 1942இல் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற அறிஞர் பல கரைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி, வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான மூன்று கசப்புப் பொருட்களைப் பிரித்தார். 1968இல் பட்டர்வேத், மோர்கன் என்ற இருவர் இங்கிலாந்தில் வேப்பம் விதையிலிருந்து அசாடிரக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். பாலைவன வெட்டுக்கிளியைத் தின்னவிடாமல் தடுத்தது இப்பொருளே. சென்னையில் கோவிந்தாச்சாரியும் இத்துறையில் ஆய்வு செய்தவர்.

இத்தகைய பொருளைச் சோதிக்கும்போது ஆய்வாளர் அதனை அசற்றோனில் கரைத்து இலையில் தடவுவதுண்டு. அசற்றோன் ஆவியானதும் பொருள் மட்டும் இலையில் தங்கும். பின் புழுவை விட்டு, எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆனால் புழு தின்னாமல் விட்டது மருந்தினாலா, அசற்றோனாலா? இதை அறிய, வெறும் அசற்றோன் மட்டும் தடவிய இன்னோர் இலையையும் பக்கத்தில் வைப்பார்கள். இதற்குக் கட்டுப்பாட்டு இலை என்று பெயர். இந்த இலை இல்லாத சோதனையை ஆய்வாளர் ஏற்கமாட்டார்.

நமது தோட்டத்தில் செய்வோம்

நமக்கு அசற்றோன் தேவையில்லை. அசாடிரக்டின் நீரில் சிறிதளவே கரையும். ஆயினும் அந்த அளவு தோட்டத்திற்குப் போதும்.

1. நன்கு உலர்ந்த, பூஞ்சணம் பிடிக்காத வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள்.

2. காலையில் துணியில் வடித்து, 2 கிராம் சவர்க்காரத்தைக் கரைத்துச் சேருங்கள்.

3. ஒரே அளவு பூச்சி உள்ள மூன்று வரிசைகளைத் தெரிவு செய்யுங்கள். முதல் வரிசைக்கு வேப்பங்கரைசல். இரண்டாவதற்கு அதே அளவு சவர்க்காரம் கரைத்த வெறும் நீர். மூன்றாவதற்கு ஒன்றும் வேண்டாம்.

4. மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் அசாடிரக்டின் சிதைந்துவிடும். கரைசலை அன்றே தெளித்து முடியுங்கள்.

5. ஒரு வாரம் நாள்தோறும் பூச்சிகளையும் புதிதாகக் கடிபட்ட இலைகளையும் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். வேம்பு உடனே கொல்லாது. தின்பதையும் தோல் கழற்றி வளர்வதையும் தடுப்பதே அதன் வேலை.

இரண்டாவது வரிசை ஏன்? அழுக்கணவன் போன்ற மென்மையான பூச்சிகளைச் சவர்க்கார நீரே கொல்லக்கூடும். அவ்வாறானால் வேம்பை இடிக்கும் சிரமமும் தேவையில்லை. மூன்று வரிசையிலும் பூச்சி ஒரே மாதிரிக் குறைந்தால், மழையோ வேறு காரணமோ குறைத்திருக்கலாம். கடையில் புதிய மருந்து வாங்கும்போதும் இப்படியே செய்யலாம்: ஒரு வரிசையைத் தெளிக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கை

அசற்றோனை வீட்டிலோ வாடியிலோ வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு படர்ந்து சென்று தூரத்து விளக்கிலும் தீப்பிடிக்கும். வேப்பங்கரைசலையும் குடிக்கலாகாது. தெளித்தபின் கைகளைக் கழுவுங்கள். மீன் வளர்க்கும் குளத்தில் அதை ஊற்றாதீர்கள்.

கலந்துரையாடுவோம்

1. சென்ற போகத்தில் நாம் வாங்கிய மருந்து வேலை செய்தது என்று எதைக் கொண்டு சொன்னோம்?

2. தெளிக்காத வரிசை ஒன்றை விட்டுவைக்க நாம் ஏன் தயங்குகிறோம்?

3. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே சோதனையைச் செய்தால் முடிவு எவ்வாறு மேலும் உறுதியாகும்?