மிரிக்குக்குக் காலையிலேயே கிளம்புங்கள்

கொல்கத்தாவில் சித்திரை வெயில் ஏறியதும், லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் டார்ஜிலிங் டிக்கெட் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். என்னிடம் கேட்பவர்களை நான் மிரிக் பக்கம் திருப்பிவிடுவேன். ஐயாயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். நடுவில் ஏரி, சுற்றிலும் தேயிலைச் சரிவு. குளிர் உண்டு, கூட்டம் குறைவு.

ரயிலில் என் தேர்வு சியால்தாவில் இரவு பத்து மணி சுமாருக்குப் புறப்படும் டார்ஜிலிங் மெயில். தூங்கி எழுந்தால் நியூ ஜல்பாய்குரி. 2022 டிசம்பர் 30 முதல் ஹவுராவிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. ஏழரை மணி நேரம்தான், சொகுசும் உண்டு. ஆனால் மதியம் ஒன்றரை சுமாருக்குக் கொண்டுபோய் இறக்குகிறது. மலை வண்டிகளுக்கோ காலைதான் கணக்கு. மதியத்துக்குப் பிறகு ஷேர் ஜீப்புகள் ஆள் சேராமல் நிற்கும். முழு வண்டியையும் ‘ரிசர்வ்’ எடுத்தால் பத்துப் பேர் கட்டணத்தை நாமே கொடுக்க வேண்டும்.

ஸ்டேஷன் வாசலிலேயே டிரைவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு டோட்டோ (மின் ரிக்‌ஷா) பிடித்து, ஷேர் ஜீப்புகள் நிற்கும் சிலிகுரி ஜங்ஷன் பக்கம் போய்விடுங்கள்; டென்சிங் நோர்கே பஸ் நிலையமும் அங்கேதான். முன்னால் இரண்டு, நடுவில் நாலு, பின்னால் நாலு என்று நிரம்பினால்தான் ஜீப் நகரும். பின் வரிசையில் முழங்காலை வைக்க இடம் இராது. வளைவுகளில் வயிறும் கலங்கும். இரண்டு பேர் போனால் நடு வரிசையில் மூன்று சீட் வாங்குங்கள். அந்த ஒரு சீட் காசு மிச்சம் பிடிக்கிற காசு அல்ல. டிரைவரை ‘தாஜு’ (நேபாளியில் அண்ணன்) என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும். பெட்டியை மேலே கட்டுவதற்கு முன் தார்ப்பாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலிகுரியிலிருந்து 52 கிலோமீட்டர். துதியாவில் பாலாசன் ஆற்றைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கும். 2025 அக்டோபர் 5 விடியலில் பெய்த பேய்மழையில் அங்கிருந்த இரும்புப் பாலம் உடைந்து விழுந்தது. மிரிக் பக்கம் மண்சரிவில் பலர் உயிரிழந்தார்கள். ஆகவே ஏறும் முன் “எந்த வழி?” என்று கேட்டுவிடுங்கள். கர்சியாங், கூம் வழியாகச் சுற்றினால் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், கட்டணமும் கூடும்.

ஊருக்குள் வண்டி வேண்டாம். ஏரிக்கரையில் இருப்பது கிருஷ்ணநகர். ஹோட்டல்கள் பெரும்பாலும் அங்கே. பழைய மிரிக் பஜார் சற்றுத் தள்ளி. தங்குவதற்குக் கிருஷ்ணநகர்தான் சரி. சுமேந்து ஏரியைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் பாதை. ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினால் தூபி மரங்களுக்கிடையே பனிமூட்டம் நகர்வதைப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் சிலிகுரியிலிருந்து பிக்னிக் கூட்டம் வந்துவிடும். இது இயற்கை ஏரி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. வசம்பு மண்டிய சதுப்பு நிலமாக இருந்த இடம். 1969இல் துர்போ தேயிலைத் தோட்டத்தின் நிலத்தைச் சுற்றுலாத் துறை கையகப்படுத்தத் தொடங்கியது. 1979 ஏப்ரலில் ஏரி திறக்கப்பட்டது. பிள்ளை வைத்தியத்துக்கு வசம்பு உரசிய நம் வீட்டுப் பாட்டிகள் அந்தக் காட்டைப் பார்த்திருக்க வேண்டும்!

இட்லி தேடாதீர்கள். காலையில் ஆலு தம், மேலே மிக்சர் தூவித் தருவார்கள். காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். சைவக்காரர்கள் தூக்பா (நூடுல்ஸ் சூப்) கேட்கும்போது சூப் எதில் வைத்தது என்பதையும் கேளுங்கள். காய்கறி போட்டிருந்தாலும் எலும்புச் சாறாக இருக்கலாம்.

இங்கிருந்து டார்ஜிலிங் போகிறவர்கள் முதல் நாள் மாலையே ஜீப் கவுன்டரில் சீட் சொல்லிவையுங்கள். சுகியாபொக்ரி வழியாகப் போகும் அந்தச் சாலை நேபாள எல்லையை ஒட்டியே ஓடுகிறது. பசுபதி பாடக்கில் இறங்கி எல்லை தாண்ட நினைத்தால் வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது இரவு ரயிலாக இருந்தாலும் மதியத்துக்குள் மலை இறங்கிவிடுங்கள். மண்சரிவு எதுவும் இல்லாவிட்டாலும் சிலிகுரி நெரிசல் ஒரு மணி நேரத்தை விழுங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கமே வேண்டாம். துர்கா பூஜை வாரத்திலும் வேண்டாம். அறுபது நாள் முன்பு முன்பதிவு திறந்த கையோடு டிக்கெட் தீர்ந்துவிடும். நவம்பர் கடைசியில் போங்கள். ஆரஞ்சுப் பருவம், வானமும் தெளிவாக இருக்கும்.