பீட்டாவைத் தொடும் முன்...

புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்று வரப்போகிறது என்றாலே, மற்றவர்களுக்கு முன்னால் அதை நம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. அந்த ஆசைக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியவன் என் அக்கா மகன். சென்ற மாதம் பழனிசெட்டிபட்டியில் உள்ள எங்கள் வீட்டிற்கு லேப்டாப்புடன் வந்திருந்தான். "மாமா, விண்டோஸ் இன்சைடர்ல சேர்ந்தா புது வசதி எல்லாம் முன்னாடியே வந்துருமாம். சேரட்டுமா?" என்றான். அவனுடைய இறுதி ஆண்டு புராஜக்ட் முழுவதும் அதே லேப்டாப்பில்தான் இருந்தது. "வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கியா?" என்று கேட்டேன். "இல்ல மாமா" என்றான். அவனை உட்கார வைத்து, 2009ல் நடந்த கதையைச் சொன்னேன்.

பீட்டா என்பது என்ன?

ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் விற்பனைக்கு வருமுன் பல கட்டங்களைத் தாண்டுகிறது. முதலில் நிறுவனத்திற்குள் மட்டும் சோதிப்பார்கள். பின்னர் பொதுமக்களிடம் சோதனைக்குத் தருவார்கள், இதுவே பீட்டா. குறைகள் ஓரளவு நீங்கிய பின் வருவது ரிலீஸ் கேண்டிடேட். இறுதி வடிவம் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்குப் போய், கடைசியாகக் கடைக்கு வரும்.

விண்டோஸ் 7ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பீட்டா, 7000 என்ற பில்ட் எண்ணுடன், 2009 ஜனவரியில் பொதுமக்களுக்குக் கிடைத்தது. ஜனவரி 9ல் தருவதாக இருந்தது. கூட்டம் தாங்காமல் மறுநாள்தான் தர முடிந்தது. 25 லட்சம் பேருக்கு மட்டும் என்று வைத்திருந்த வரம்பையும் பின்னர் நீக்கினார்கள். மே 5ல் ரிலீஸ் கேண்டிடேட் (பில்ட் 7100), ஜூலை 22ல் இறுதி வடிவம் (பில்ட் 7600), அக்டோபர் 22ல் விற்பனை என்று அடுத்தடுத்து வந்தன.

நான்கு இரவு டவுன்லோட்

32 பிட் பீட்டாவின் அளவு சுமார் 2.44 ஜிபி. அப்போது என் இணைப்பின் வேகம் நொடிக்கு 256 கிலோபிட், அதாவது 32 கிலோபைட். கணக்குப் போட்டால் 22 மணி நேரத்திற்கு மேல் ஆகும். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் வராத இணைப்பு என்பதால், நான்கு இரவுகள் அலாரம் வைத்து எழுந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜர் இல்லாவிட்டால் மின்வெட்டில் எல்லாம் வீணாகியிருக்கும்.

பாட்டுக்கு வந்த எச்சரிக்கை

இறக்கி முடித்ததும் வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தேன். அதில் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. அந்த பீட்டாவில், எம்பி3 பைல்களுடன் பாடல் விவரங்களைச் சேர்த்து எழுதும்போது, சில பைல்களின் தொடக்கத்தில் சில வினாடிகள் நிரந்தரமாக வெட்டுப்பட்டுவிடலாம். பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள், அதைச் சரிசெய்யும் அப்டேட்டைப் போடுங்கள் என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே எச்சரித்திருந்தது.

எனக்கு இது சாதாரண விஷயம் இல்லை. என் அப்பத்தா நாற்று நடவின்போது பாடிய பாட்டுகளையும் தாலாட்டுகளையும் கேசட்டில் பதிந்து வைத்திருந்தேன். கேசட் நைந்து போகவே, அவற்றை எம்பி3 ஆக்கி ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்திருந்தேன். பாடும் முன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய், அது ஓடுதா?" என்று அப்பத்தா கேட்பது ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருக்கும். வெட்டுப்பட்டால் அதுதான் முதலில் போகும். உடனே பாட்டுகள் அனைத்தையும் ஒரு டிவிடியில் பதிந்து பீரோவில் வைத்தேன்.

பாட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் மற்றதை மறந்தேன்.

என் தவறு

என் ஹார்ட் டிஸ்க் 160 ஜிபி. விண்டோஸ் கணக்கில் அது 149 ஜிபி. அதை சி, டி, ஈ என்று கிட்டத்தட்டச் சமமான மூன்று டிரைவ்களாகப் பிரித்திருந்தேன். சியில் எக்ஸ்பி இருந்தது. டி காலி. பாட்டுகளும் போட்டோக்களும் ஈயில். எக்ஸ்பி மீது இந்த பீட்டாவை அப்கிரேட் செய்ய முடியாது. தனியாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும். எனவே காலியாக உள்ள டியில் போடுவது என் திட்டம்.

டிவிடியில் பூட் செய்தேன். எங்கே இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. அங்கே சி, டி, ஈ என்ற எழுத்துகள் இல்லை. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 1, 2, 3 என்ற பட்டியலும் அளவுகளும் மட்டுமே இருந்தன. நான் எந்த டிரைவுக்கும் பெயர் வைத்திருக்கவில்லை. அளவோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு இடம் காலி என்ற பத்தியும் அங்கே இருந்தது. அதைப் பார்த்திருந்தாலே போதும். எப்போது மின்சாரம் போகுமோ என்ற அவசரத்தில் கடைசியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து பார்மட் கொடுத்துவிட்டேன்.

மீன் ஒன்று நீந்தும் வால்பேப்பருடன் விண்டோஸ் 7 அழகாகத் திறந்தது. பீட்டா என்பதற்கு ஏற்ப பெட்டா வகை மீனை வைத்திருந்தார்கள். ரசித்துக்கொண்டே எக்ஸ்ப்ளோரரைத் திறந்தேன். காலி டிரைவ் காலியாகவே இருந்தது. ஈ டிரைவைக் காணோம். அதன் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டுகள் டிவிடியில் இருந்தன. ஆனால் இரண்டு வாரம் முன்பு எடுத்த பொங்கல் போட்டோக்கள் 63ம் வேறெங்கும் இல்லை. அப்பத்தாவை நடுவில் உட்கார வைத்து எடுத்தவை. அந்த ஆண்டே அவர் காலமானார். அதுவே அவருக்குக் கடைசிப் பொங்கல்.

திரும்பக் கிடைத்தவை

பைலை அழித்தால் அது உடனே அழிந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வேறு பைல் அதன் மேல் எழுதப்படும் வரை பழையது அங்கேயே இருக்கும். ஈ டிரைவின் மீது ஒரு முழு விண்டோஸையே எழுதிவிட்டதால், அங்கே தேடியதில் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான் கேமராவின் மெமரி கார்டு நினைவுக்கு வந்தது. காப்பி செய்ததும் அதிலிருந்த போட்டோக்களை அழித்திருந்தேன். ஆனால் பிறகு சில படங்களே எடுத்திருந்தோம். போட்டோரெக் என்ற இலவச புரோகிராமைக் கொண்டு கார்டைத் தேடினேன். 41 போட்டோக்கள் கிடைத்தன. 22 போயே போய்விட்டன.

பீட்டாவுக்கும் ஆயுள் உண்டு

இன்னொன்றையும் புதியவர்கள் கவனிக்க வேண்டும். சோதனைத் தொகுப்பு நிரந்தரம் அல்ல. விண்டோஸ் 7 பீட்டா 2009 ஜூலை 1 முதல் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை தானாக நின்றுபோனது; ஆகஸ்ட் 1ல் காலாவதியானது. ரிலீஸ் கேண்டிடேட்டுக்கும் இதே கதைதான்: 2010 மார்ச் 1 முதல் இரண்டு மணி நேரக் கெடு, ஜூன் 1ல் முடிவு. பீட்டாவிலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகவும் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. ஓசியில் விண்டோஸ் கிடைத்தது என்று நம்பி, வேலை முழுவதையும் அதில் வைத்தவர்கள் திண்டாடினார்கள்.

சோதிப்பவரின் வேலை

பீட்டா என்பது இலவச வேடிக்கை அல்ல. குறை கண்டால் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 பீட்டாவில் விண்டோக்களின் மேல் பட்டியிலேயே கருத்து அனுப்பும் லிங்க் இருந்தது.

சொல்வதைக் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2018 அக்டோபர் 2ல் வெளியான விண்டோஸ் 10 அப்டேட் (1809), சிலருடைய டாகுமெண்ட் போல்டர்களில் இருந்த பைல்களை அழித்தது. சில நாட்களில் அதை நிறுத்திவைத்து, நவம்பர் 13ல்தான் மீண்டும் தந்தார்கள். சோதித்தவர்களில் சிலர் முன்பே இதைத் தெரிவித்திருந்தும், ஆயிரக்கணக்கான கருத்துகளுக்கு இடையே அது கவனிக்கப்படவில்லை. பிறகுதான் குறை எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதியை ஃபீட்பேக் ஹப்பில் சேர்த்தார்கள்.

நம்மைப் போன்றவர்கள் தமிழையும் சோதிக்கலாம். தமிழில் பெயரிட்ட பைலைத் தேடினால் கிடைக்கிறதா? 'கொ', 'கோ' சரியாகத் தெரிகிறதா? அச்சிலும் அப்படியே வருகிறதா? இதை வேறு மொழிக்காரர் யாரும் நமக்காகப் பார்க்கமாட்டார்கள்.

இன்று சோதிக்க விரும்பினால்

1. முதலில் பேக்கப். முக்கியம் என்று தோன்றுவதை மட்டும் எடுத்தால் என் கதிதான். அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டு பைல்களைத் திறந்தும் பாருங்கள்.

2. ஒவ்வொரு டிரைவுக்கும் பெயர் கொடுங்கள். டிரைவ் மீது ரைட் க்ளிக் செய்து ரீநேம் கொடுத்தால் போதும். பார்மட் கொடுக்குமுன் பெயர், அளவு, காலி இடம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

3. விண்டோஸ் 11ல் டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

4. நேரடியாகப் போடாமல் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச புரோகிராமுக்குள் போட்டுப் பாருங்கள். கெட்டால் கெடுவது அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டர் மட்டுமே. உபுண்டு போன்ற லினக்ஸ் என்றால், பென் டிரைவில் பூட் செய்து இன்ஸ்டால் செய்யாமலே பார்க்கலாம்.

5. வெளியேறும் வழியை முன்பே படியுங்கள். இன்சைடர் திட்டத்தில் முன்னணிச் சோதனையில் சேர்ந்துவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பப் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

கதையைக் கேட்ட மருமகன் அன்று இன்சைடரில் சேரவில்லை. மறுநாள் தேனிக்குப் போய் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தான். புராஜக்ட்டை அதில் ஏற்றியபின் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டுக்கொண்டிருந்தான். "மாமா, அந்த 41 போட்டோவையும் இதுல ஒரு காப்பி போட்டுரவா?" என்று கேட்டான். போடச் சொன்னேன். பாட்டுகளையும் சேர்த்து.