ஹெலிகாப்டரும் வானிலை வரம்பும்

நம் சங்க அன்பர்கள் பந்தயம் பார்க்கப் போவதென்றால் மாட்டுங்கா ரோடு நிலையத்தில் ரயிலேறி, சர்ச்கேட்டில் இறங்கி, வான்கடே மைதானத்துக்கு நடந்து போகிறவர்கள். ஹெலிகாப்டரில் போகும் யோகம் நமக்கு இல்லை. ஆயினும் அப்படிப் போகிறவர்களின் கதையில் பௌதிகம் பயிலும் என் போன்ற மாணவர்களுக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. "இவ்வளவு மோசமான வானிலையில் பறக்கக் கூடாது" என்ற வரம்பு ஏன் முன்கூட்டியே எண்களாக எழுதி வைக்கப்படுகிறது? விமானி தேர்ந்தவர்தானே, அவரே பார்த்து முடிவு செய்து கொள்ளக் கூடாதா?

வரம்பில் முக்கியமானவை இரண்டு எண்கள். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது ஒன்று. மேகத்தின் அடித்தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மற்றொன்று. கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்து ஓட்டுவதைக் கண்பார்வைப் பறத்தல் என்று சொல்லலாம். சர்வதேச விதிப்படி, விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு எல்லைக்குள் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்கோ, மேகத்தளம் 1,500 அடிக்கோ குறைந்து விட்டால், தனி அனுமதியின்றி இவ்வாறு பறக்க இடமில்லை. கட்டுப்பாடற்ற தாழ்வான வெளியில் விதி தளர்கிறது. அங்கே பார்வைத் தூரத்தை 1,500 மீட்டர் வரை குறைத்துக் கொள்ள அரசுகள் அனுமதிக்கலாம். மெதுவாகச் செல்லும் ஹெலிகாப்டருக்கு அதற்கும் கீழே சலுகை உண்டு. இந்தச் சலுகைதான் பலரை வம்பில் மாட்டி விடுகிறது.

இந்த எண்களைப் பம்பாய்வாசிகள் கண்ணாலேயே அளந்து பார்க்கலாம். செம்பூரில் என் வீட்டு மாடியில் நின்றால் டிராம்பே குன்று தெரியும். அதன் உயரம் சுமார் 300 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,000 அடி. ஆடி மாத மழையில் அதன் உச்சி மேகத்தில் மறைந்திருந்தால், மேகத்தளம் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கி விட்டது என்று பொருள். பார்வைத் தூரத்துக்குப் பாந்திரா-வொர்லி கடல் பாலம் இருக்கிறது. அதன் நீளம் 5.6 கிலோமீட்டர். மார்கழிப் புகைமூட்டத்தில் ஒரு முனையில் நின்று மறுமுனையைத் தேடிப் பாருங்கள்; ஐந்து கிலோமீட்டர் என்பது எவ்வளவு எளிதில் காணாமற் போகிறது என்பது விளங்கும்.

மேகத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும்? நம் உட்செவியில் அரைவட்டக் குழாய்கள் மூன்று உள்ளன. அவற்றிலுள்ள திரவம் தலை திரும்பத் தொடங்குவதை உணர்த்தும். ஒரே சீராகத் திரும்பிக் கொண்டே இருந்தால், பத்து இருபது விநாடிகளில் திரவமும் குழாயோடு சேர்ந்து சுழன்று விடும்; உணர்வு நின்று விடும். அப்போது, திரும்பும் விமானம் நேரே போவதாகவே தோன்றும். திருப்பத்தை நிறுத்தினாலோ எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். அடிவானம் கண்ணில் பட்டால் இந்தப் பொய் உடனே வெளுத்து விடும். மேகத்துக்குள் அடிவானம் ஏது? 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சிறு விமானத்தில் வைத்து, வெளியே தெரியாதபடி செய்து சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்குச் சராசரியாக ஆன நேரம் 178 விநாடி. ஹெலிகாப்டரோ இயல்பிலேயே விமானத்தைவிட நிலையற்றது.

பயிற்சி இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு 2020 ஜனவரி 26-ஆம் நாள் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும். கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட், தம் 13 வயது மகளுடனும் அவளுடைய குழுத் தோழியர், பெற்றோர், பயிற்சியாளருடனும் சிறுமியர் போட்டி ஒன்றுக்காகக் கலிபோர்னியாவில் ஹெலிகாப்டரில் சென்றார். விமானியோடு ஒன்பது பேர். அன்று காலை லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் தங்கள் ஹெலிகாப்டர்களைக் கிளப்பவில்லை. அவர்களுடைய வரம்பு 2 மைல் பார்வை, 800 அடி மேகத்தளம். பிரயன்ட் சென்ற ஹெலிகாப்டரின் நிறுவனத்துக்குக் கண்பார்வைப் பறத்தலுக்கு மட்டுமே உரிமம் உண்டு. விமானிக்குக் கருவிப் பறத்தல் தகுதி இருந்தது. மலைப்பாதையில் மூடுபனி தடுத்ததும் அவர் மேகத்துக்குள் மேலேறினார். சுமார் 2,370 அடி வரை ஏறிய ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பிச் சரியத் தொடங்கியது. 4,000 அடிக்கு ஏறிக் கொண்டிருப்பதாக அவர் வானொலியில் சொன்னபோது, உண்மையில் அது இறங்கிக் கொண்டிருந்தது. ஒன்பது பேரும் மாண்டனர். மேகத்தின் மேல்விளிம்பு 2,400 அடி அளவில்தான் இருந்தது என்று விசாரணையில் கண்டார்கள். இன்னும் சிறிது ஏறியிருந்தால் வெயிலைக் கண்டிருப்பார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021 பிப்ரவரியில் தன் முடிவைக் கூறியது. உறுப்புக் கோளாறு ஏதும் இல்லை. விமானி திசையுணர்வு இழந்ததற்குத் துணைக் காரணமாக, அவர் தமக்குத் தாமே விதித்துக் கொண்ட நெருக்கடியை வாரியம் சுட்டியது. போயே தீர வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை. என் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். கலியாண முகூர்த்தம் போலப் பந்தயத்துக்கும் நேரம் குறித்தாகி விட்டது. அது யாருக்காகவும் காத்திராது. பின்னிருக்கையில் புகழ்பெற்ற மனிதர் அமர்ந்திருக்கும் வேளையில், "இந்த மேகம் பரவாயில்லையா?" என்று தனியாக யோசிக்கும் மனம் பாதி ஏற்கெனவே மைதானத்தில் இருக்கும். முந்தின நாளே காகிதத்தில் எழுதிய எண்ணுக்கோ எந்தப் பந்தயத்துக்கும் போகும் அவசரமில்லை.

பந்தயம் இல்லாத இடத்திலும் மேகம் இதே மேகந்தான். 2021 டிசம்பர் 8-இல் நம் குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததற்கும், பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் புக நேர்ந்ததே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது.

இப்போது அமெரிக்க ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் விமானிகளிடையே ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. வானிலைக்கு அஞ்சி வழக்கமான வேகத்தில் 30 நாட் குறைக்க வேண்டி வந்தாலோ, பகலில் தரைக்கு மேல் 300 அடிக்கும் கீழே தாழ வேண்டி வந்தாலோ, அந்த இடமே முடிவு செய்யும் இடம். அதற்கு மேல் முன்னேறக் கூடாது. திரும்ப வேண்டும், அல்லது அங்கேயே இறங்க வேண்டும். விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டருக்கு ஒரு பள்ளிக்கூட மைதானம் போதும். அங்கே இறங்கி, பிரயாணிகளுக்கு ஒரு டாக்சி பிடித்துக் கொடுத்து விடலாம். முதல் பாதி ஆட்டம் போனால் போகட்டும்.