கரியும் கதிரவனும் – ஒரு மின்சாரக் கணக்கு

“சூரிய ஒளியே போதுமே, கரி நிலையங்களை மூடிவிடலாமே?” என்று அன்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ரயில்வே மின்பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில், பதிலைக் கணக்காகவே தருகிறேன்.

மின்சாரம் உண்டாக்கும் வழிகள் இருவகை. கரி, எண்ணெய், இயற்கை வாயு, யுரேனியம் ஆகியவை எடுக்க எடுக்கக் குறைபவை. வெயில், காற்று, மழைநீர் ஆகியவை மீண்டும் மீண்டும் கிடைப்பவை.

முதலில் கரி. நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 700 கிராம் தேவை. அதன் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மிச்சம் வீணாகிறது. யூனிட்டுக்குக் கால் கிலோ அளவில் சாம்பலும், ஒரு கிலோவை ஒட்டிக் கரியமில வாயுவும் வெளிவருகின்றன. ஆனால் நள்ளிரவிலும் அடைமழையிலும் மின்சாரம் கிடைக்கும்.

அடுத்து நீர். லோனாவாலா ஏரிகளிலிருந்து மலையடிவாரத்திலுள்ள கோபோலிக்குக் குழாய்களில் இறங்கும் தண்ணீர், 1915 முதல் மும்பைக்கு மின்சாரம் தருகிறது. இறக்கம் சுமார் 500 மீட்டர். 1,000 லிட்டர் இறங்கினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். புகையில்லை, சாம்பலில்லை. ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. முல்ஷி அணையால் நிலம் இழக்கவிருந்த விவசாயிகள் 1921-ல் தொடங்கிய சத்தியாகிரகத்தில் சேனாபதி பாபட் முன்நின்றார் என்பது வரலாறு.

இனி வெயில். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மழைக்காலத்தில் இன்னும் குறையும். கரி நிலையத்தின் ஒரு கிலோவாட், நாள் முழுதும் ஓடினால் 24 யூனிட் தரும். ஆகவே “இத்தனை மெகாவாட் நிறுவினோம்” என்ற செய்தியைப் படித்தால், “எத்தனை யூனிட், எந்த நேரத்தில்?” என்றும் கேட்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு லோக்கல் வண்டிகள் நிரம்பி வழியும், வீடுதோறும் விளக்கெரியும். அப்போது தகடு தருவது பூஜ்யம்.

இதற்கு ஒரு வழி சேமிப்பு. மகாராஷ்டிரத்தின் காட்கர் நிலையம் 2008-ல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழ்நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும் வேளையில் இறக்கிவிடும் ஏற்பாடு அது. இம்முறையில் 4 யூனிட் செலவிட்டால் சுமார் 3 யூனிட் திரும்பக் கிடைக்கும்.

இன்னொரு வழி நம் கையிலேயே இருக்கிறது. எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் மாடியில் தகடு போடுவது பற்றி விவாதம் நடக்கிறது. நான் சொன்னது இதுதான்: காலையில் கீழ்த்தொட்டிக்கு வரும் தண்ணீரை உச்சிவெயிலில் மோட்டார் போட்டு மேலேற்றுங்கள், மேல்தொட்டியில் நிற்கும் தண்ணீர் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் ஆகும். பகல் மின்சாரத்தைப் பகலிலேயே செலவழித்தால் மாலையில் எரிக்கும் கரி அந்த அளவுக்குக் குறையும்.

கரி நிலையங்களை நாளையே மூட முடியாது. சேமிப்பும் இத்தகைய பழக்கமும் பெருகப் பெருக, அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தலாம். உங்கள் சொசைட்டிக் கூட்டத்திலும் இந்த மோட்டார் விஷயத்தைப் பேசிப் பாருங்கள்.