காற்று பிரிந்தால்தான் கஞ்சியா? குடல் ஆபரேஷன் ஆனவர் வீட்டுக்குச் சில குறிப்புகள்

பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "கஞ்சித் தண்ணி ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா கொடுக்கவில்லை. "இன்னும் காத்தே பிரியலையே, தையல் விட்டுப்போச்சுன்னா?" என்று டம்ளரை மூடியே வைத்திருந்தார். தன் அப்பாவை ஐந்து நாள் வெறும் டிரிப்ஸில் போட்டுவைத்த பழைய நினைப்பு அவருக்கு. அந்த நாட்களில் நாங்கள் டாக்டரிடமும் நர்ஸ் அம்மாவிடமும் கேட்டுக் குறித்துவைத்தவை இவை.

1. காற்றுக்காகக் காத்திருப்பது பழைய வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுகுடல் ஒரு நாளுக்குள்ளேயே அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். பெருங்குடல்தான் சோம்பேறி, அதற்கு இரண்டு மூன்று நாள். காற்று பிரிவது அந்தச் சோம்பேறி எழுந்ததற்கு அடையாளம். மற்றவை அதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்கும். பட்டினி கிடந்தாலும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம் என்று லிட்டர் கணக்கில் குடலுக்குள் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் கொடுக்கும் நாலு ஸ்பூன் கஞ்சித் தண்ணீரா தையலைப் பிரிக்கப்போகிறது? டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் இந்தப் பட்டினி முறையைக் கேள்வி கேட்டார். சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை என்ற அவருடைய வழி இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. முன்கூட்டித் தேதி குறித்துச் செய்யும் பெருங்குடல் ஆபரேஷன் என்றால் அன்றைக்கே தண்ணீர், மறுநாள் முதல் மென்மையான உணவு என்று பல மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள்.

2. இது எல்லாருக்கும் பொருந்தாது. குடல் ஓட்டையாகி வயிறு முழுக்கச் சீழ் பரவி அவசரமாகச் செய்த ஆபரேஷன், நாள்பட்ட அடைப்பு, மூக்கு வழியாகக் குழாய் போட்டிருப்பவர் என்றால் கணக்கு வேறு. பக்கத்துப் படுக்கைக்காரர் இட்லி சாப்பிடுகிறாரே என்று நாமும் கொடுத்துவிடக் கூடாது. டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் குடலை வெட்டினீர்கள்? சேர்த்துத் தைத்தீர்களா, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தீர்களா? தண்ணீர் எப்போது, கெட்டியான சாப்பாடு எப்போது?

3. படுத்தபடி எதுவும் கொடுக்காதீர்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பூனால் இரண்டு மூன்று வாய் கொடுங்கள். குமட்டல் இல்லையென்றால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. வேளைக்கு ஒரு தட்டு என்பதைவிட, ஒரு நாளில் ஆறு தடவை கால் டம்ளர், அரை டம்ளர் என்று பிரித்துக் கொடுப்பது வயிற்றுக்கு இதம்.

4. வயிறு 'வேண்டாம்' என்று சொன்னால் கேளுங்கள். வயிறு உப்பிக் கல் மாதிரி ஆவது, விடாத விக்கல், பச்சையாக வாந்தி: குடல் இன்னும் மரத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். இதைவிடப் பயப்பட வேண்டியது தையல் கசிவு. பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும், சிலருக்கு வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். அதன் அடையாளங்கள்: காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று ஏறுவது, ஆள் சோர்ந்து குழம்பிப்போவது. இதில் ஒன்று இருந்தாலும் கேஸ் மாத்திரை வாங்கித் தரவோ பெருங்காயத்தைத் தடவவோ வேண்டாம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள்.

5. காபிப் பிரியர்களுக்கு நல்ல சேதி. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பின் காபி குடித்தவர்களுக்குச் சுமார் 60 மணி நேரத்திலும், தண்ணீர் குடித்தவர்களுக்கு 74 மணி நேரத்திலும் முதல் மலம் கழிந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, சர்க்கரை குறைத்துக் கொடுக்கலாம். சூயிங் கம் மெல்லச் சொல்வதும் இதே நோக்கத்தில்தான்: வாய் அசைந்தால் சாப்பாடு வருகிறது என்று குடல் நம்பிவிடும்!

6. நடக்கவையுங்கள். வார்டுக்குள் கைபிடித்து நாலு நடை.

7. வீட்டுக்கு வந்ததும் முதல் சில வாரம் நார் குறைவாகவே இருக்கட்டும். குழைந்த சாதத்தில் மிளகு குறைத்த ரசம், இட்லி, இடியாப்பம், தயிர், தோலும் விதையும் நீக்கி வேகவைத்த சுரைக்காய், உருளைக்கிழங்கு மசியல் எல்லாம் ஒத்துக்கொள்ளும். கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, சுண்டல், சோளம், பலாச்சுளை, கொய்யா ஆகியவை பின்னால் வரட்டும். 'மலச்சிக்கல் வந்துவிடுமே' என்று மூன்றாம் நாளே கீரை மசிக்கும் வீடுகள் உண்டு. அக்கறைதான், ஆனால் அவசரம்.

8. பத்தியம் என்ற பெயரில் வாரக்கணக்கில் வெறும் கஞ்சி ஊற்றுவதுதான் நான் பார்த்த பெரிய தவறு. புண் ஆறப் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிராம் வரை தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு). தெளிந்த கஞ்சியில் டம்ளருக்கு ஒன்றிரண்டு கிராம் தேறினாலே அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. முள் நீக்கிய மீன், அவித்த முட்டை, தயிர், நன்றாக மசித்த பாசிப்பருப்பு என்று எது இறங்குகிறதோ அது. "முட்டை, மீன் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும்" என்று சொல்லும் சொந்தக்காரருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

9. சிறுகுடலிலிருந்து பை வைத்திருந்தால் இரண்டு விஷயம். முதல் ஆறு முதல் எட்டு வாரம் தேங்காய்த் துருவல், காளான், நிலக்கடலை, சோளம் வேண்டாம். வயிற்றில் குடலைத் திறந்துவைத்த வாய்ப்பகுதியில் அவை அடைத்துக்கொள்ளும். பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உடம்பின் உப்பும் சேர்ந்து போகிறது. வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தால் இன்னும் அதிகமாகத்தான் போகும். டாக்டருக்குச் சொல்லிவிட்டு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பொட்டலத்தில் 200 மில்லியா, ஒரு லிட்டரா என்று படித்த பிறகு கரையுங்கள்.

10. மலம் இறங்கவில்லை என்று விளக்கெண்ணெயோ எனிமாவோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆசனவாய்க்கு அருகில் தையல் இருப்பவருக்கு எனிமா ஆபத்து. சர்க்கரை நோயாளி என்றால், பாதி சாப்பாட்டுக்குப் பழைய அளவு இன்சுலினா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

11. விலக்கிவைத்தவற்றை ஒரு நாளைக்கு ஒன்று என்று, மதியச் சாப்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பொழுது இருக்கும்போதே தெரிந்துவிடும். பெரியப்பாவுக்கு எட்டாவது வாரம் வாழைத்தண்டுக் கூட்டு. பெரியம்மா நாரைச் சுற்றிச் சுற்றி எடுத்து, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டார்.