நீலப்பெட்டியா, பச்சைப்பெட்டியா, கடைக்கே திருப்புவதா?

யோர்க் பிராந்தியத்தின் ஸ்ரௌவ்வில் வீடுகளில் குப்பை எடுக்கும் நாளுக்கு முந்தின இரவு தவறாமல் எழும் கேள்வி: இதை எதற்குள் போடுவது? 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவின் நீலப்பெட்டிச் செலவைப் பொருட்களைப் பொதிசெய்து விற்கும் நிறுவனங்களே ஏற்கின்றன. அதனால் ஸ்ரௌவ்விலுக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கும் நீலப்பெட்டிப் பட்டியல் இப்போது ஒன்றே. பச்சைப்பெட்டியும் குப்பைப் பையும் உள்ளூராட்சியின் பொறுப்பில் தொடர்கின்றன. ஒரு பொருளை எங்கே சேர்ப்பது என்று தீர்மானிக்க, அது போய்ச் சேரும் இடத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

நீலப்பெட்டி: பொதியா, பொருளா?

நீலப்பெட்டிச் செலவை நிறுவனங்களிடம் ஒப்படைத்த சட்டம் பொதிகளையும் தாளையுமே கணக்கில் எடுக்கிறது. ஆகவே தயிர் வந்த பிளாஸ்ரிக் டப்பா நீலப்பெட்டிக்கு உரியது; உடைந்த வாளி, விளையாட்டுச் சாமான், உடுப்புக் கொளுவி உரியவை அல்ல. முன்பு ரொறன்ரோவில் மறுக்கப்பட்ட கறுப்பு உணவுத் தட்டு, கோப்பிக் கடைக் கப், பற்பசைக் குழாய் ஆகியவற்றை இப்போது போடலாம். தரம்பிரிக்கும் இயந்திரத்தின் ஒளியைக் கறுப்புச் சாயம் உறிஞ்சிவிடுவதால்தான் அந்தத் தட்டுகள் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டன.

டப்பாக்களைப் பளபளக்கக் கழுவ வேண்டியதில்லை. வழித்து ஒருமுறை அலசினால் போதும். மிச்சக் கறி ஒழுகினால் பக்கத்திலுள்ள நல்ல தாளும் பாழாகும்.

பச்சைப்பெட்டி: நினைப்பதைவிட அதிகம் ஏற்கும்

மரக்கறித் தோலோடு மீன் முள், இறைச்சி எலும்பு, தேயிலைச் சக்கை, எண்ணெய் துடைத்த கடதாசி எல்லாம் இதற்குள் போகும். யோர்க் பிராந்தியத்திலும் ரொறன்ரோவிலும் குழந்தையின் டயப்பர்கூடப் பச்சைப்பெட்டிக்குத்தான். வடை பொரித்த சட்டியில் மிஞ்சும் எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். குழாயில் உறைந்து அடைக்கும். கடதாசியில் ஊறவைத்துப் பச்சைப்பெட்டியில் சேருங்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டியவை

வைன், பியர் போத்தல்களை நீலப்பெட்டியில் போடுவதைவிடத் திருப்பிக் கொடுப்பதே மேல். 750 மில்லிலீற்றர் வைன் போத்தலுக்கு 20 சதம், பியர் ரின்னுக்கு 10 சதம் வைப்புப் பணம் திரும்பக் கிடைக்கும். சோடா ரின்னுக்கு ஒன்ராறியோவில் வைப்புப் பணம் இல்லை, அது நீலப்பெட்டிக்கே.

காலாவதியான மருந்தைக் கழிப்பறையில் கொட்டாமல் மருந்தகத்தில் கொடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் உள்ள வீடுகள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பாவித்த ஊசிகளுக்கான பாதுகாப்புக் கொள்கலனை மருந்தகமே இலவசமாகத் தரும். வெறும் பையில் கிடக்கும் ஊசி, குப்பை பிரிக்கும் தொழிலாளியின் கையைக் குத்தும்.

பற்றரியை எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். லொறிக்குள் நசுங்கும் லித்தியம் பற்றரி தீப்பற்றும். முனைகளில் ரேப் ஒட்டிச் சேர்த்துவைத்து, பழைய பற்றரியை ஏற்கும் கடைகளில் கொடுங்கள். பெயின்ற், பூச்சிமருந்து போன்றவற்றை றிச்மண்ட் ஹில்லின் எல்ஜின் மில்ஸ் சுற்றுச்சூழல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம்.

குப்பைப் பை: எரிப்பா, புதைப்பா?

டர்ஹம் பிராந்தியத்தின் குப்பையும் யோர்க் பிராந்தியக் குப்பையில் ஒரு பகுதியும் கோர்ட்டிஸ் ஊரிலுள்ள நிலையத்தில் எரிக்கப்பட்டு மின்சாரமாகின்றன. 2016 முதல் இயங்கும் அந்த நிலையம் ஆண்டுக்கு 140,000 தொன் ஏற்கும் அளவில் கட்டப்பட்டது. ரொறன்ரோவின் குப்பை, லண்டன் நகருக்கு அருகே 2007இல் மாநகரம் வாங்கிய கிறீன் லேன் புதைநிலத்துக்குப் போகிறது. குப்பையை எரிக்கும் ஊரில் எதையும் பையில் போடலாம் என்று எண்ணுவது பிழை. ஈரமான சோறும் கறியும் எரிவது கடினம். புதைத்தாலோ மீதேன் வாயுவாகும். இரண்டு ஊரிலும் பச்சைப்பெட்டியே சரி.

எப்படித் தீர்மானிப்பது?

இந்த வரிசையில் கேளுங்கள்: இன்னொருவர் பாவிப்பாரா? திருப்பி வாங்க ஆளுண்டா? அழுகுமா? பொதியா, தாளா? நான்குக்கும் இல்லை என்றால் மட்டும் குப்பைப் பை. நல்ல சேலையும் உடுப்பும் முதற் கேள்வியிலேயே நன்கொடைக்குப் போய்விடும்.

வீட்டில் சமையலையும் துப்புரவையும் பெரும்பாலும் அம்மம்மாவோ அப்பம்மாவோ பார்க்கிறார். அறிவித்தல்களோ ஆங்கிலத்தில் வருகின்றன. இந்தக் கேள்விகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். பற்றரிக்கும் பழைய மருந்துக்கும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தனித்தனிப் பெட்டி வையுங்கள். கடைக்குப் போகும்போது அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.