பேசித் தீர்ப்பதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

வீடு கட்டக் காண்டிராக்டரிடம் ஒப்பந்தம் போடுகிறவர்கள் சதுர அடி ரேட்டையும், என்ன கம்பி, என்ன சிமென்ட் என்பதையும் எழுத்தெண்ணிப் படிக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ‘கருத்து வேறுபாடு வந்தால் இரு தரப்பும் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் யாருக்கும் கண் போவதில்லை. வேலை பாதியில் நின்று, பணத்துக்காக இரு பக்கமும் குரல் உயர்ந்த பிறகுதான் அந்த வரியைத் தேடுகிறார்கள். யார் பேசுவது, எத்தனை நாளுக்குள், பேச்சு முறிந்தால் அடுத்து என்ன என்ற எதுவும் அதில் இருக்காது.

இப்படிப்பட்ட வரிகளை நீதிமன்றங்கள் எப்படிப் பார்த்திருக்கின்றன என்பதை அறிந்துகொண்டால், எப்படி எழுதுவது என்ற தேர்வு எளிதாகும். பேச்சு நடத்துவோம் என்ற வெறும் உடன்பாட்டுக்குச் சட்டபலம் கிடையாது என்று 1992இல், வால்ஃபோர்ட் எதிர் மைல்ஸ் வழக்கில், பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொன்னது. 2014இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்த எமிரேட்ஸ் டிரேடிங் வழக்கில், நான்கு வாரம் நட்பு முறையில் பேச வேண்டும், அதற்குப் பிறகே நடுவர் மன்றம் என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தது. கெடு இருந்ததால் அந்த ஷரத்து செல்லும் என்று தீர்ப்பானது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் லுஃப்தான்சா சிஸ்டம்ஸ் வழக்கில் இன்னும் கறாராக இருந்தது. அந்த ஒப்பந்தம் படிப்படியாகச் சில குழுக்களைப் பெயர் சொல்லி வைத்திருந்தது. கூட்டங்கள் நடந்தனவே தவிர, பெயர் சொன்ன குழுக்கள் கூடவில்லை. நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று முடிவானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆகவே மொட்டையாக எழுதினாலும் ஆபத்து, நடத்த முடியாத அளவுக்குப் படிகளை அடுக்கினாலும் ஆபத்து.

இனி உங்கள் முன் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, என் கணிப்பில் எல்லாவற்றிலும் பயனுள்ளது: சண்டை வருவதற்கு முன்பே பேச வைக்கும் ஷரத்து. பிரிட்டனில் 1993 முதல் வெளியாகும் என்.இ.சி. என்ற மாதிரிக் கட்டுமான ஒப்பந்தங்கள் இதை ‘முன்னெச்சரிக்கை’ என்கின்றன. செலவு கூடும், தேதி தள்ளும், தரம் குறையும் என்று ஒரு தரப்புக்குத் தெரிந்த உடனே மறு தரப்புக்கு அறிவிப்பது கடமை. அறிவிக்கத் தவறிய காண்டிராக்டர் பின்னால் கூடுதல் தொகை கேட்டால், நேரத்துக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அந்தக் கணக்கில்தான் அவருக்குக் கிடைக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக் கட்டுமானங்கள் இவ்வகை ஒப்பந்தங்களில்தான் நடந்தன.

ஒலிம்பிக் அரங்குக்குப் பொருந்துவது ஆயிரம் சதுர அடி வீட்டுக்கும் பொருந்தும். நம் ஊரில் பல சைட்டுகளில் சனிக்கிழமை வாரக்கூலி நாள். அன்று அரை மணி நேரம் வீட்டுக்காரரும் காண்டிராக்டரும் சைட்டில் சந்திப்பது என்று எழுதுங்கள். அந்த வாரம் முடிந்த வேலை, அடுத்த வாரத்துக்கு வேண்டிய பொருள், மாற்றங்கள் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். நோட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். நோட்டுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட உரிய சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். நோட்டில் போட்ட கையெழுத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வாரச் சந்திப்போடு, திரும்பிப் பார்க்க முடியாத கட்டங்களுக்கென்று தனிச் சந்திப்பும் வேண்டும். தளம் போட்ட பிறகு உள்ளே என்ன கம்பி, எத்தனை அங்குல இடைவெளி, மின்சாரக் குழாய் எங்கே போகிறது என்று யாராலும் பார்க்க முடியாது. எனவே அஸ்திவாரக் கான்கிரீட்டுக்கு முன், தளக் கான்கிரீட்டுக்கு முன், பூச்சுக்கு முன் என மூன்று இடங்களில் வீட்டுக்காரரின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் அடுத்த வேலை தொடங்கக் கூடாது என்று எழுதுங்கள். காண்டிராக்டருக்கும் பாதுகாப்பு வேண்டும். அவர் அழைத்து இரண்டு நாளுக்குள் வீட்டுக்காரர் வராவிட்டால் வேலையைத் தொடரலாம் என்பதையும் சேருங்கள். காத்திருக்கும் ஆட்களுக்கும் கூலி ஓடுகிறது.

வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை ‘எக்ஸ்ட்ரா வேலை’யில்தான் முளைக்கின்றன. சமையலறை ஜன்னலை நகர்த்தச் சொல்வார்கள், போர்டிகோவை நீட்டச் சொல்வார்கள். அப்போது விலை பேசமாட்டார்கள். கடைசியில் வரும் பில்லைப் பார்த்து ஒருவர் கொதிப்பார், அதைக் குறைக்கச் சொன்னால் இன்னொருவர் கொதிப்பார். இந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘கூடுதல் வேலைக்கான ரேட்டை ஒப்பந்ததாரர் எழுத்தில் தர வேண்டும், உரிமையாளர் மூன்று நாளுக்குள் எழுத்தில் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும், ஏற்கும் முன் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது.’

இரண்டாவது வழி, கெடு வைத்த பேச்சு. சண்டை வந்துவிட்டால் இது வேண்டும், ஆனால் தனியாக நிற்காது. சர்வதேசக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு ஃபிடிக் அமைப்பு தரும் மாதிரியில் 1999இல் சமரசப் பேச்சுக்கு 56 நாள் இருந்தது. 2017 பதிப்பில் அதை 28 நாளாகக் குறைத்தார்கள். வீட்டுக்கு 15 நாள் போதும். எழுத்தில் குறையைச் சொல்ல வேண்டும், ஏழு நாளில் பதில் வர வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரமுள்ள இருவர் நேரில் சந்திக்க வேண்டும், பதினைந்தாம் நாள் தீராவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம் என்று எழுதுங்கள். மேஸ்திரியை அனுப்பிவிட்டு ‘பேசியாச்சு’ என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். தகராறில் இல்லாத வேலையும், தகராறில் இல்லாத தவணைப் பணமும் இந்த நாட்களில் நிற்காமல் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஒரு மூன்றாம் நபர். ஃபிடிக்கின் 2017 மாதிரியில் தகராறைத் தவிர்க்கவும் தீர்ப்புச் சொல்லவும் நிரந்தர வாரியமே உண்டு. தகராறு தன்னிடம் வந்தால் 84 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கல்யாண மண்டபம், அடுக்குமாடி போன்ற பெரிய வேலைகளில் இதற்கு ஆகும் செலவு தகும். ஒரு வீட்டுக்கு, அளவும் தரமும் பார்த்துச் சொல்ல ஒரு சிவில் இன்ஜினீயரின் பெயரை எழுதினால் போதும், கட்டணத்தை இருவரும் பாதிப்பாதி ஏற்கலாம். வீட்டுக்காரரிடம் சம்பளம் வாங்கி மேற்பார்வை பார்ப்பவர் இந்த இடத்துக்கு ஆகமாட்டார். காண்டிராக்டரின் உறவினரும் ஆகமாட்டார்.

நான்காவது சமரச மையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சமரச மையம் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச முறையில் நாட்டுக்கு முன்னோடி. வணிகத் தகராறுகளில், அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கைத் தொடுக்கும் முன் சமரசம் கட்டாயம் என்று வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு சொல்கிறது. அது வெறும் சடங்கு அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்தது. 2023இல் தனிச் சமரசச் சட்டமும் வந்தது. அதன் பிரிவுகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதால், கையெழுத்திடும் நாளில் எவை அமலில் உள்ளன என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். கோபம் மிஞ்சி, பணத்தொகை நடுத்தரமாக இருக்கும் தகராறுகளுக்குச் சமரசமே சரி. அதற்குப் பதிலாக நடுவர் மன்றம் போனால் செலவு பிடிக்கும். வீட்டு ஒப்பந்தத்தில் காண்டிராக்டரே தனி நடுவரை நியமிப்பார் என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். தீர்ப்பில் அக்கறை உள்ளவர் நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது.

நீங்களாகப் பேசிக்கொண்டிருக்கும்போதும் வழக்குப் போடுவதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டே ஆண்டு. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். நடுவர் மன்ற ஷரத்து இருந்தாலும் அங்கே போகத் தடையில்லை. ‘அடுத்த மாதம் பேசலாம்’ என்று இழுத்தால் கெடு தானாக நீளாது. கடிதம், பதில், சந்தித்த தேதி எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

தனி வீடு கட்டுகிறவர்களுக்கு என் பரிந்துரை: வாரச் சந்திப்பும் நோட்டும், எக்ஸ்ட்ரா வேலைக்கு எழுத்து ஒப்புதல், 15 நாள் பேச்சு, பிறகு சமரசம். கோடிகளில் போகும் வேலையானால் இவற்றோடு மூன்றாம் நபரையும் சேருங்கள். அரசு டெண்டரில் வாசகத்தை மாற்ற முடியாது. அங்கே நோட்டீஸ் கெடுக்களை மட்டும் தனித் தாளில் குறித்து மேஜையில் ஒட்டிவையுங்கள். தனி வீட்டு வேலையில், வாரம் ஒருமுறை நோட்டில் கையெழுத்துப் போட மறுக்கும் காண்டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.